அடமான வீட்டை விற்கும்போது கடன் பணம் நேரே வங்கிக்குப் போக வேண்டும்

அந்தமானின் பத்துபஸ்தி வட்டாரத்தில் வீட்டுக்கடன் பெற்றோரும் வீடு வாங்க இருப்போரும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

1. எங்கள் நிலைப்பாடு

வங்கியில் அடமானமாக உள்ள வீட்டை விற்பது குற்றமல்ல. ஒளித்துச் செய்ய வேண்டிய காரியமும் அல்ல. ஆனால் விலைப் பணத்தில் வங்கிக்குச் சேர வேண்டிய பங்கு விற்பவர் கைக்கோ தரகர் கைக்கோ போகக் கூடாது. வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து விற்பவரின் வீட்டுக்கடன் கணக்குக்கு அது நேரே போக வேண்டும். பணம் ஏறிய ஏழு நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். கடனைத் தீர்க்காமல், 'பவர்' எனப்படும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து வீட்டைக் கைமாற்றும் பழக்கத்தை நாங்கள் எதிர்க்கிறோம்.

2. சிக்கல் எங்கே தொடங்குகிறது

எங்கள் பகுதியில் வீட்டை விற்பவர் பலரும் அவசரத்தில்தான் விற்கிறார்கள். மெயின்லேண்டுக்கு மாற்றல், ஓய்வுக்குப் பின் ஊர் திரும்புதல், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவச் செலவு என்று காரணங்கள் பல. இருபது ஆண்டுக் கடன் பாதியில் நிற்கும். பயணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டிருக்கும்.

வங்கியில் பாக்கித் தொகையைக் கேட்டதும் முதல் அதிர்ச்சி. 25 லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 22,493 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் கட்டியது ஏறக்குறைய 13.5 லட்சம். அசலில் குறைந்ததோ சுமார் 2.82 லட்சம்தான், இன்னும் 22.18 லட்சம் பாக்கி. தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதியை வட்டியே விழுங்குவதால் வரும் நிலை இது. வங்கியின் கணக்கில் பிழையில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசி அட்வான்ஸ் வாங்கியவர், தன் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைக் காலம் தாழ்ந்தே அறிகிறார். பேசிய விலை பாக்கியைவிடக் குறைவென்றால், வித்தியாசத்தை அவர்தான் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். அதுவரை வங்கி பத்திரத்தை விடாது.

அடுத்தது நம்பிக்கைச் சிக்கல். பணம் வந்தால்தான் பத்திரம் என்கிறது வங்கி. பத்திரத்தைப் பார்த்தால்தான் பணம் என்கிறார் வாங்குபவர். வாங்குபவரின் பணம் வந்தால்தான் கடனை அடைக்க முடியும் என்கிறார் விற்பவர். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. யார் முதலில் அடி எடுத்து வைப்பது என்பதற்குத் தெளிவான நடைமுறை இல்லாத இடத்தில்தான் குறுக்கு வழிகள் முளைக்கின்றன.

அவற்றில் மோசமானது 'பவர்' வழி. வாங்குபவர் ஒரு தொகையைக் கொடுத்துக் குடியேறுவார். விற்பவர் பெயரிலேயே மாதத் தவணையைக் கட்டிவருவார். கடன் முடிந்ததும் கிரயம் எழுதிக்கொள்ளலாம் என்பது பேச்சு. இதில் வங்கிக்கு வாங்குபவர் யாரென்றே தெரியாது. தவணை கட்டத் தவறினால் நடவடிக்கை விற்பவர் மேல் பாயும். விற்பவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாகச் சொத்துரிமை மாறாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பல ஆண்டுகள் தவணை கட்டிய பிறகும் வீடு தன் பெயரில் இல்லை என்ற நிலைக்கு எங்கள் உறுப்பினர் எவரும் ஆளாகக் கூடாது.

3. சட்டம் ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறது

நாங்கள் கேட்பது புதிய சலுகை அல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்கும் சொத்தின் மேலுள்ள வில்லங்கங்களைத் தீர்த்துக் கொடுக்கும் கடமையை விற்பவர் மேல் வைக்கிறது. அதே பிரிவு, வில்லங்கத் தொகையை விலையிலிருந்து பிடித்துவைத்து, உரியவருக்குத் தானே செலுத்தும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. முன்கூட்டிக் கொடுத்த விலைப் பணத்துக்கு, சொத்தின் மேல் விற்பவருக்குள்ள பங்கின் அளவில், வாங்குபவருக்குப் பொறுப்புரிமை உண்டு என்பதும் அங்கேயே இருக்கிறது. 60-ஆம் பிரிவின்படி, கடனைச் செலுத்தி அடமானத்தை மீட்பது கடன் வாங்கியவரின் உரிமை.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்னதாக அடைத்தால் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை இன்னும் தெளிவாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களில், அடைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காரணம் காட்டியும் கட்டணம் கேட்க முடியாது. வீட்டை விற்ற பணத்தில் அடைத்தாலும் இது பொருந்தும். நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பர் 13-இல் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு. அது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்தாலோ சேதமானாலோ நகல் பெற உதவி, அந்தச் செலவையும் வங்கியே ஏற்க வேண்டும். அதற்காக மேலும் 30 நாள் அவகாசம் உண்டு.

இந்த உத்தரவை வரவேற்கிறோம். ஆனால் 30 நாள் என்பது, கடனை அடைத்துவிட்டு அதே வீட்டில் தொடர்ந்து குடியிருப்பவருக்குப் போதும். வீட்டை விற்பவருக்கு அது நீண்ட காலம். பணம் வங்கிக்குப் போய்விட்டது, கிரயம் இன்னும் பதிவாகவில்லை என்ற அந்த இடைவெளியில் ஆபத்து முழுவதும் வாங்குபவர் தலையில்தான்.

4. வரிசை முக்கியம்

எங்கள் அமைப்பு பரிந்துரைக்கும் வரிசை இது:

முதலில் நிலம். தீவுகளின் நிலம் 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. எனவே ஃபார்ம் எஃப் நகலில் உள்ள உரிமை எந்த வகை, வீட்டுமனையாக மாற்றப்பட்டதா, கைமாற்ற அனுமதி தேவையா என்பதைத் தாசில் அலுவலகத்தில் கேட்டுத் தெளிய வேண்டும். வில்லங்கச் சான்றோடு, செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகத்திலும் தேட வேண்டும். பத்திரத்தை ஒப்படைத்து வைத்த அடமானம் வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம். செர்சாயில் தெரிய வாய்ப்புண்டு.

இரண்டாவது, விற்பவர் வங்கிக்கு எழுத்தில் விருப்பம் தெரிவித்து இரண்டு தாள்களைப் பெற வேண்டும்: கடன் முடிப்புத் தொகைக் கடிதம், வங்கியிடம் உள்ள ஆவணங்களின் பட்டியல். வட்டி நாள்தோறும் ஏறும். மேலே சொன்ன 22.18 லட்சம் பாக்கிக்கு ஒரு நாள் வட்டியே சுமார் 547 ரூபாய். ஆகவே முடிப்புக் கடிதத்தில் எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும், அதன் பின் நாளுக்கு எவ்வளவு கூடும் என்பது இருக்க வேண்டும்.

மூன்றாவது, விற்பனை ஒப்பந்தம். விலை எவ்வளவு, அதில் வங்கிக்கு எவ்வளவு, விற்பவருக்கு எவ்வளவு, எந்தக் கடன் கணக்கில் செலுத்துவது, கிரயம் நின்றுபோனால் பணம் எப்படித் திரும்பும் என்று எழுதி, பதிவு செய்துகொள்வது நல்லது. கடனில் இணைந்து கையெழுத்திட்டவரும் இதில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் பிடிக்க வேண்டிய ஒரு சதவீத வரி, வங்கிக்குப் போகும் பங்கையும் சேர்த்து முழு விலைக்கும் கணக்காகும்.

நான்காவது, பணம் கடன் கணக்கில் ஏறுதல். ஐந்தாவது, கடன் தீர்ந்த சான்றும் அசல் பத்திரமும். அடமானம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் அதன் விடுவிப்பும் பதிவாக வேண்டும். ஆறாவது, கிரயப் பதிவும் மீதித் தொகையும். தவணைக்காகக் கணக்கில் கொடுத்த தானியங்கிப் பிடித்தத்தையும் கடன் தீர்ந்த அன்றே விற்பவர் நிறுத்திவிட வேண்டும்.

வங்கியிலிருந்து கடன் மீட்பு நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் இந்த வரிசை போதாது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, நோட்டீஸ் பெற்ற பின் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அடமானச் சொத்தை விற்க முடியாது. நோட்டீஸ் வரும்வரை காத்திராமல், தவணை தடுமாறத் தொடங்கும்போதே வங்கியிடம் பேசி விற்பனைக்கு வழி தேடுவதே மேல்.

5. எங்கள் கோரிக்கைகள்

வங்கிகளுக்கும் வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும்:

அ) விண்ணப்பித்த மூன்று வேலை நாளில் முடிப்புத் தொகைக் கடிதத்தையும் ஆவணப் பட்டியலையும் தர வேண்டும்.

ஆ) விற்பனை ஒப்பந்தத்தின் நகலோடு வாங்குபவர் செலுத்தும் தொகையைக் கடன் கணக்கில் ஏற்க வேண்டும்.

இ) அசல் பத்திரங்கள் மெயின்லேண்ட் காப்பகத்தில் இருந்தால், விற்பவர் விருப்பம் தெரிவித்த உடனேயே அவற்றைத் தீவிலுள்ள கிளைக்கு வரவழைக்க வேண்டும்.

ஈ) வாங்குபவரும் கடன் எடுத்தால், பணம் வந்ததும் பத்திரத்தை நேரே அவருடைய வங்கியிடம் ஒப்படைப்போம் என்ற உறுதிக் கடிதத்தை விற்பவரின் வங்கி தர வேண்டும், அதை மற்ற வங்கி ஏற்க வேண்டும்.

உ) விற்பனைக்காக அடைக்கும் கடன்களில் ஏழு நாளுக்குள் ஆவணம் தருவதைத் தங்கள் வாடிக்கையாக்க வேண்டும்.

அந்தமான் நிகோபார் நிர்வாகத்துக்கு:

அ) நிலத்தைக் கைமாற்ற அனுமதி தேவையா என்ற கேள்விக்குத் தாசில் அலுவலகங்கள் எழுத்தில், குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஆ) போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய பத்திரத்தில் பழைய பெயரும் புதிய தாள்களில் புதிய பெயரும் இருப்பதைக் காரணமாகக் கொண்டு எந்த ஆவணமும் நிறுத்தப்படக் கூடாது என்று தெளிவான சுற்றறிக்கை வேண்டும்.

6. எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

ஏழு நாளில் பத்திரத்தைக் கொண்டுவர முடியாது என்று வங்கிகள் சொல்லலாம். சென்னையிலிருந்து கப்பல் வரவே சுமார் மூன்று நாளாகும் என்பது தீவில் வாழும் எங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் கடன் தீர்ந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே பத்திரத்தை வரவழைக்கச் சொல்கிறோம். பத்திரம் அப்போதும் வங்கியின் பெட்டகத்தில்தான் இருக்கும். வங்கிக்கு ஒரு ரூபாய் ஆபத்தும் அதிகமாகாது.

மூன்றாம் நபரின் பணத்தை ஏற்பது மோசடிக்கு இடம் தரும் என்ற கவலை நியாயமானது. ஆனால் ஒப்பந்தத்தில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்குத் தடம் இருக்கிறது. அதே பணம் ரொக்கமாக விற்பவர் கைக்கு வந்து, அவர் வழியாக வங்கிக்குப் போனால்தான் தடம் அழியும்.

விற்பவர்களிலும் சிலர், முழுப் பணமும் தங்கள் கையில் வந்தால் கடனைத் தாங்களே அடைத்துக்கொள்வோம் என்கிறார்கள். நேர்மையானவர்களே அப்படிச் சொல்கிறார்கள் என்று ஏற்கிறோம். ஆனாலும் கையில் வந்த பணத்துக்கு வேறு செலவுகள் வரிசையில் நிற்கும். அந்த அபாயத்தை வாங்குபவர் ஏன் சுமக்க வேண்டும் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

வட்டித் தள்ளுபடியையோ பாக்கியில் குறைப்பையோ நாங்கள் கேட்கவில்லை. வங்கிக்கு உரியது முழுவதும் வங்கிக்கே போக வேண்டும் என்பதே இந்த அறிக்கையின் சாரம்.

7. இனி

இந்த அறிக்கையை வட்டாரத்தின் வங்கிக் கிளைகளுக்கும் நிர்வாகத்துக்கும் அனுப்புகிறோம். எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். உறுப்பினர்களுக்குத் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்த வாசகமும், மேலே சொன்ன ஆறு படிகளின் சரிபார்ப்புத் தாளும் தருவோம். ஆவணம் 30 நாளைத் தாண்டியும் கிடைக்காதவர் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி முறையிடலாம். உதவிக்கு 14448 என்ற எண் இருக்கிறது. அந்த முறையீட்டை எழுத எங்கள் அமைப்பு உடனிருக்கும். 'பவர்' வழியில் வீட்டைக் கைமாற்றும் எந்தப் பேரத்துக்கும் எங்கள் பொறுப்பாளர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.