லியோனில் ஒரு கதவு

மொழிபெயர்ப்புச் செயலியில் ‘நெசவாளியின் மூளை’ என்று வந்ததும் அம்மா மெனுவை மூடிவிட்டார். அம்மா சைவம். பரிமாறியவர் சிரித்தபடி விளக்கினார்: ‘செர்வெல் த கனூ’ என்பதில் மூளை கிடையாது, பூண்டும் பச்சைத் தழைகளும் கலந்து அடித்த வெண்ணிறப் பாலாடைக்கட்டி. ரொட்டியோடு அம்மாவே கிண்ணத்தைக் காலி செய்தார்.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம், லியோன். ‘பூஷோன்’ எனப்படும் அதன் பழைய உணவகங்களில் பன்றியும் குடலும் அதிகம். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ‘தப்லியே த சப்பர்’ கேட்காதீர்கள். அது மாட்டு வயிறு. மீன் சாப்பிடுபவர்களுக்கு ‘கெனெல்’ இருக்கிறது.

மறுநாள் பழைய நகரில், சான் ழான் தெரு 54-ஆம் எண் கதவைத் தள்ளினோம். இருண்ட நடை, முற்றங்கள், மறுபடி இருட்டு. வெளியே வந்தால் வேறு தெரு! இவைதான் ‘திராபூல்’கள். மேலே மக்கள் குடியிருக்கிறார்கள். தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். எங்கள் பையன் போட்டு, ஒரு ஜன்னல் படாரென்று மூடியது.

குருவா ரூஸ் குன்றில் வீடுகளின் கூரை நான்கு மீட்டர் உயரம். உயரமான ஜக்கார்டு தறிக்காகக் கட்டியவை. கூலிக்கு ஒரு அடிப்படை விலை கேட்டு 1831-இல் அங்கிருந்துதான் பட்டு நெசவாளர்கள் இறங்கி வந்தார்கள். நகரையே சில நாள் பிடித்தும் வைத்திருந்தார்கள். பிறகு ராணுவம் வந்தது. 1834-இல் மீண்டும் எழுந்தார்கள், ரத்தத்தில் முடிந்தது.

‘மேசோன் தெ கனூ’வில் தறி ஓட்டிக் காட்டுகிறார்கள். துளையிட்ட அட்டைகளை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “காஞ்சிபுரத்துலயும் இதே ஜக்கார்டு பெட்டிதான்டா” என்றார்.