ஐடிலில் நடுங்கும் பழைய கார்: எங்கிருந்து தொடங்குவது?

ஐடிலில் ஓடும் எஞ்சினுக்குள் போகும் கலவை மிகக் கொஞ்சம். அதோடு முந்திய சுற்றில் எரிந்து மிஞ்சிய புகையும் சிலிண்டருக்குள் கலந்து கிடக்கும். இப்படிப்பட்ட கலவை பற்றிக்கொள்ள நல்ல பொறி வேண்டும். றோட்டில் வேகமாகப் போகும்போது மறைந்துவிடும் சிறு கோளாறுகூட ஐடிலில் வெளியே தெரிவது இதனால்தான். ஒஸ்ரின் ஏ 40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பொயின்ற் வைத்த கார் ஒன்று கராச்சில் நின்று நடுங்கினால், கை முதலில் ஸ்குறூட்றைவரோடு காபரேற்றருக்குத்தான் போகிறது. பெரும்பாலும் அது பிழையான இடம்.

இந்தப் பழக்கத்துக்கு வன்னியில் ஒரு காரணம் உண்டு. 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போய், மல்லாவியில் இடம்பெயர்ந்த சனமும் அலுவலகங்களும் கடைகளும் நெருக்கியடித்த காலத்திலும் நிலைமை அதேதான். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு போதாத எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஆவியாகாத பங்கு சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும். பிளக்கில் கரி படியும். ஒக்ரேன் குறைவென்பதால் எஞ்சின் தட்டும். தட்டாமலிருக்க ரைமிங்கைப் பின்தள்ள வேண்டும். அன்று கோளாறு எரிபொருளில் இருந்தது. காபரேற்றரில் கை வைத்ததில் பிழையில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் வரத் தொடங்கியபின்பும் கை அங்கேயே போவதுதான் பிழை. அந்தக் காலத்தைக் கடந்து வந்த கார் என்றால் ரைமிங் இன்னும் பின்தள்ளியபடியே இருக்கிறதா, ஜெற்றின் துளை பெருப்பிக்கப்பட்டிருக்கிறதா, கொம்பிரஷனைக் குறைக்கத் தடித்த ஹெட் கஸ்கற் போடப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. கானில் மாதக்கணக்காகக் கிடந்த பெற்றோலை ராங்கியில் வைத்துக்கொண்டு கோளாறு தேடுவதும் வீண்வேலை.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதே முதல் கேள்வி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிளக் வயர்களை இன்சுலேஷன் உள்ள குறட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தில் பிடிக்க வேண்டும். கழற்றியதும் ஓட்டம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் நல்லது. மாற்றமில்லையென்றால் கோளாறு அங்கே. வயரைச் சும்மா தொங்கவிட்டால் கொயிலின் உயரழுத்தம் றோட்டரையோ கப்பையோ துளைத்துக்கொண்டு போகும். ஒரு கோளாறு இரண்டாகும். நான்கிலும் ஒரே அளவில் நடுக்கமென்றால் பொயின்ற், கொயில், காற்றுக்கசிவு என்று பொதுவான இடங்களைத் தேட வேண்டும்.

ஒரே சிலிண்டர் என்றால் பொறியைப் பார்க்குமுன் கொம்பிரஷனைப் பார்க்கவேண்டும். மற்றவற்றோடு ஒப்பிடப் பத்து வீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளக்கலாம். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கஸ்கற். வால்வ் பக்கம் இன்னொரு சங்கதி உண்டு. இலங்கையில் 2002 இல் ஈயம் சேர்த்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. இந்தக் கார்களின் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ற் வால்வ் இருக்கை ஈயம் தந்த பாதுகாப்பை நம்பியிருந்தது. அது போனபின் இருக்கை மெல்ல மெல்லத் தேய்ந்து, வால்வ் மேலேறி, இடைவெளி சுருங்கும். முழுதாக மூடாத வால்வை எந்தப் பிளக்காலும் சரிசெய்ய முடியாது. மைனரின் எஞ்சினுக்கு 0.012 அங்குலம், கேம்பிறிட்ஜின் எஞ்சினுக்கு 0.015 அங்குலம் என்ற வால்வ் இடைவெளியை பீலர் கேஜால் பார்க்கச் சில நிமிடம் போதும்.

அடுத்தது டிஸ்றிபியூட்டர். நேரம் செலவழிக்கத்தக்க இடம் இதுதான். லூக்காஸ் டிஸ்றிபியூட்டரில் பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். காமில் உராயும் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் பொயின்ற் பிந்தித் திறக்கும். ரைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். ஆகவே பொயின்றைச் சரிசெய்த பின்தான் ரைமிங். மாறிச் செய்தால் இரண்டு வேலை. பழைய பொயின்றில் ஒருபக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருக்கும். மேட்டின்மேல் பீலர் கேஜை வைத்து எடுக்கும் அளவு பொய். அரத்தால் சமப்படுத்தி அளக்கலாம்; புதிது போட்டால் இன்னும் நல்லது. குழி சீக்கிரம் விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். இருட்டில் கப்பைக் கழற்றி, சுவிச்சைப் போட்டு, பொயின்றை விரலால் திறந்து மூடினால் கண்டென்சர் கெட்டதில் பொயின்றிலேயே தடித்த பொறி தெரியும். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் கைவிடும் கண்டென்சரும் உண்டு. மல்லாவியிலிருந்து மாங்குளச் சந்திவரை ஒழுங்காக வந்து, சந்தியில் நிறுத்தியதும் நின்றுபோகும் காருக்கு இது ஒரு காரணம்.

உள்ளே பேஸ் பிளேற்றை எர்த்தோடு இணைக்கும் சிறிய பின்னல் வயரைப் பலர் பார்ப்பதேயில்லை. வெளியுறை நன்றாகத் தெரியும். உள்ளே இழைகள் அறுந்திருக்கும். வக்கியூம் அட்வான்ஸ் பிளேற்றை அசைக்கும் கணத்தில் எஞ்சின் விக்கும். விரலால் மெல்ல இழுத்தால் அறுந்த வயர் நீளும். ஸ்பின்டில் பக்கவாட்டில் ஆடினால் நான்கு முனையிலும் நான்கு இடைவெளி வரும். அங்கே புஷ் மாற்றாமல் ரியூனிங் செய்வது காசைக் கரைப்பது. மாரி காலத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு கப்பின் உட்புறத்தில் மயிர்க்கோடு போன்ற கரித்தடத்தைத் தேட வேண்டும்.

கொயிலில் கவனிக்க வேண்டியது துருவம். இந்தக் கார்கள் பெரும்பாலும் பொசிற்றிவ் எர்த்தாக வந்தவை. பிறகு றேடியோ பூட்டவோ ஓல்ரனேற்றர் போடவோ நெகற்றிவ் எர்த்தாக மாற்றப்பட்டவற்றில் கொயிலின் இரண்டு வயரையும் இடம்மாற்ற மறந்திருப்பார்கள். பிளக்குக்கு எதிர்த்துருவத்தில் பொறி போகும். அதே பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். புதுப் பிளக்கில் தெரியாத குறை பழைய பிளக்கில் ஐடிலில் தெரியும். பிளக் இடைவெளி 0.025 அங்குலத்தைத் தாண்டிப் போயிருந்தால் இன்னும் மோசம்.

இவ்வளவும் சரியென்றால்தான் காபரேற்றர் பக்கம் போக வேண்டும். அங்கும் முதலில் காற்று. இன்லெற் மனிஃபோல்ட் கஸ்கற்றின் ஓரத்தில் கொஞ்சம் ஒயிலைத் தடவினால், கசிவுள்ள இடத்தில் எஞ்சினின் ஓட்டம் மாறும். கிரவல் தூசியில் ஓடும் காரில் துறொட்டில் ஸ்பின்டில் சீக்கிரம் தேயும். அந்த வழியாக நுழையும் காற்றுக்கு எந்த அளவு ஜெற் திருகலும் ஈடாகாது. மைனரிலும் ஏ60 கேம்பிறிட்ஜிலும் உள்ள எஸ்.யூ. காபரேற்றரில் பிஸ்ரனை அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் உயர்த்திப் பார்க்கலாம். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே விழுந்தால் குறைவு. சற்றே கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. கலவை சரியானதும் ஐடில் வேகம் ஏறும். அதைத் திருகிக் குறைத்தபின் ரைமிங்கை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் கூடிய வேகத்தில் சென்றிபியூகல் அட்வான்ஸும் சேர்ந்தே அளக்கப்பட்டிருக்கும்.