ஃபிளிப் போன்களும் அட்டவணையில் இல்லாத தமிழும்

செல்பேசிகளை ஒப்பிட்டு மதிப்பெண் வழங்குவது இன்று ஒரு தனி எழுத்துவகையாகவே நிலைபெற்றுவிட்டது. இலக்கியம் பேசும் இடத்தில் அதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறோம். எழுத்தாணியும் அச்செழுத்தும் இலக்கிய வரலாற்றுக்கு உரியவை எனில், ஒரு தமிழர் தம் உறவினருக்கு நான்கு வரி எழுதும் கருவியும் அவ்வரலாற்றுக்கு உரியதே.

எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர். எழுபது வயதைக் கடந்த அம்மையார். தொடுதிரையைத் தடவுவது அவருக்குக் கைகூடவில்லை. திறந்தால் பேசலாம், மூடினால் அழைப்பு முடியும், பொத்தான்கள் விரலுக்குத் தட்டுப்படும் என்பதால் எளிய ஃபிளிப் போன் ஒன்று போதும் என்றார். நாங்கள் இணையத்தில் கிடைத்த ஒப்பீடுகளையெல்லாம் படித்தோம். அவை பெரும்பாலும் அமெரிக்க வாசகருக்காக எழுதப்பட்டவை. அவற்றில் அதிகப் புள்ளிகள் பெற்ற ஒன்றை வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் மூலம் வாங்கிவரச் செய்து கொடுத்தோம்.

அடுத்த மாதக் கூட்டம் இடம் மாறியது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினோம். அம்மையாரோ பழைய இடத்துக்கே சென்று, பூட்டிய கதவின் முன் ஒரு மணிநேரம் காத்திருந்து திரும்பினார். செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துதான் இருந்தது. திரையில் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நின்றன. "எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சோன்னு நெனச்சேன் தம்பி" என்றார். நாற்பதாண்டுகளாகச் சிற்றிதழ்களை வாசித்துவரும் ஒருவரைத் தம் கண்ணையே ஐயுற வைத்தது அந்தக் கருவி. அதற்கு முதலிடம் தந்த ஒப்பீட்டில் மொழி என்றொரு கட்டமே இல்லை.

என்னதான் ஒப்பிடுகிறார்கள்? நோக்கியா 2660 ஃபிளிப், 2780 ஃபிளிப் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2022ஆம் ஆண்டில் வந்தவை. முன்னதன் உள்திரை 2.8 அங்குலம், பின்னதன் உள்திரை 2.7 அங்குலம். முன்னதன் கேமரா 0.3 மெகாபிக்சல், பின்னதில் 5 மெகாபிக்சல். மின்கலம் இரண்டிலும் 1,450 மில்லி ஆம்பியர் மணி. இவ்வளவும் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஃபிளிப் போன் வாங்குகிறவர் எவரும் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்காக அதை வாங்குவதில்லை. என் மொழியில் வந்ததைப் படிக்க முடியுமா, என் மொழியில் எழுத முடியுமா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவையே அவருடைய கேள்விகள். அட்டவணை இம்மூன்றுக்கும் வாய் திறப்பதில்லை.

இந்தியாவில் விற்கப்படும் செல்பேசிகளுக்கென்று ஒரு தரநிர்ணயம் உண்டு. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரும் செய்திகளை எல்லாக் கருவிகளும் காட்ட வேண்டும் என்கிறது அது. நல்லது. ஆனால் உள்ளிடும் வசதியை ஆங்கிலம், இந்தி, கூடவே ஏதேனும் ஒரு மொழி என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. அந்த ஏதேனும் ஒன்று தமிழாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். படிக்கும் உரிமை சட்டத்தால் கிடைத்தது. எழுதும் உரிமை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

எழுதினாலும் கணக்கு நம் பக்கம் இல்லை. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்துகள் இடமுண்டு. யுனிகோடு முறையில் செல்லும் தமிழுக்கு 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி எழுத்தாக எண்ணப்படும். 'தமிழ்நாடு' நமக்கு ஐந்தெழுத்துச் சொல். குறுஞ்செய்திக் கணக்கில் ஒன்பது. இடைவெளி விட்டு அச்சொல்லை ஏழு முறை எழுதினால் செய்தி நிறைந்துவிடும். இதை எந்த ஒப்பீட்டிலாவது கண்டதுண்டா?

247 எழுத்துகளைப் பன்னிரண்டு பொத்தான்களில் அடக்க முடியுமா என்று நம்மவரே சிலர் கேட்பார்கள். ஜப்பானியர் அடக்கிக் காட்டினர். அவர்கள் எண்பலகையில் ஒரு பொத்தானுக்கு ஒரு வரிசை: முதல் பொத்தானில் உயிர்கள், அடுத்ததில் ககர வரிசை, அதற்கடுத்து சகர வரிசை. அழுத்த அழுத்த அ, இ, உ, எ, ஒ என்று உயிர் மாறும். அந்த வரிசைமுறையே இந்திய எழுத்தொலி மரபிலிருந்து பௌத்தத்தோடு அங்கே போனது என்பதை நினைத்தால் நமக்கு நாணம் வரவேண்டும். அப்பொத்தான்களில் அவர்கள் நாவலே எழுதினர். செல்பேசி நாவலான 'கோய்ஸோரா' 2006இல் நூலாகி, மறு ஆண்டு திரைப்படமும் ஆயிற்று. 2007இல் ஜப்பானில் மிகுதியாக விற்ற பத்துப் புனைகதை நூல்களில் ஐந்து இவ்வகையின. அவற்றின் இலக்கியத் தரம் பற்றிச் சண்டையிடலாம். எழுத முடிந்தது என்பதில் சண்டைக்கு இடமில்லை.

தமிழிலும் முடிந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. ஜாவா ஏற்கும் பொத்தான் செல்பேசிகளில் அதை நிறுவித் தமிழில் செய்தி அனுப்பினார்கள். அன்று முடிந்ததை இன்றைய எளிய போனில் வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டியிருப்பது முன்னேற்றமா?

ஆயுள் விஷயமும் அவ்வாறே. கீல் ஒடியாத ஃபிளிப் போன்கள் வலையமைப்பு மூடப்பட்டதால் செத்தன. அமெரிக்காவின் மூன்று பெரு நிறுவனங்களும் தத்தம் 3ஜி சேவையை 2022இல் நிறுத்தின. 2019இல் வந்த நோக்கியா 2720 ஃபிளிப்பை வாட்ஸப் இருக்கிறதென்று சொல்லி விற்றார்கள். கைஓஎஸ் கருவிகளில் அதைப் புதிதாக இறக்கிக்கொள்வது 2024 ஜூனில் நின்றது. 2025இல் முன்பே வைத்திருந்தவர்களுக்கும் போயிற்று. ஜியோவில் 2ஜி இல்லை என்பதறியாமல் 2ஜி போன் வாங்கினால் அது பெட்டியிலேயே பிணம்.

இனி நம் அறிவுஜீவி நண்பர்களிடம் ஒரு சொல். திறன்பேசியைத் துறந்து ஃபிளிப் போனுக்குத் திரும்பியதைப் பற்றி உருகி உருகி எழுதுகிறீர்கள். கவனம் மீண்டது, வாசிப்பு மீண்டது என்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் வங்கியின் செயலிக்காக மேசை இழுப்பறையில் திறன்பேசி ஒன்றும் இருக்கிறதல்லவா? அந்த இழுப்பறை இல்லாதவருக்கு இது ஒன்றே போன். உங்கள் துறவுக்கு ஏற்ற கருவி எது என்ற ஒப்பீட்டை அவருக்கான வழிகாட்டியாக நீட்டாதீர்கள்.

ஆகவே எங்கள் ஒப்பீட்டு முறையைச் சொல்லிவிடுகிறோம். கடைக்காரரிடம் பணம் தருமுன் போனைத் திறந்து 'தமிழ்நாடு' என்று எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையெனில் மூடி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னால் கடைக்காரர் விநியோகஸ்தரிடம் சொல்வார்.

அம்மையாருக்கு இப்போது கூட்ட அறிவிப்பை அழைத்துச் சொல்கிறோம். போன மாதம் அழைத்தபோது, "வாயால சொன்னா மறந்துபோகுது தம்பி, எழுதி அனுப்ப வழியில்லையா?" என்றார். அஞ்சலட்டை வாங்கி வந்திருக்கிறோம்.