வாராமலே வருகை!

"உள்ளேன் ஐயா!"

வகுப்பிலே குரல் எழுகிறது. பதிவேட்டிலே கோடு இழுக்கிறோம். மூன்றாம் வரிசைச் சிறுவன் வரவில்லை. அவனுக்காக அவன் தோழன் குரலை மாற்றிக்கொண்டு "உள்ளேன் ஐயா" என்கிறான். விடுவோமா நாம்! எழுப்பி நிறுத்துகிறோம், கடிந்து கொள்கிறோம், வள்ளுவரைத் துணைக்கு அழைத்து வாய்மையின் சிறப்பை ஐந்து நிமிடம் விளக்குகிறோம். சிறுவன் தலை குனிகிறான்.

அதே நாள், அதே மணி, நாற்பது கல் தொலைவிலே ஒரு கல்வியியல் கல்லூரி. அங்கே இன்னொரு பதிவேடு. எம்.எட். மாணவர் பட்டியலிலே நம்மில் ஒருவர் பெயர்; பெயருக்கு நேரே கோடு. வந்திருக்கிறார்! வாய்மையை விளக்கிய அதே ஆசிரியர், இங்கே கரும்பலகை முன் நின்றுகொண்டே அங்கே இருக்கையிலும் அமர்ந்திருக்கிறார். ஒரே நேரத்தில் எல்லார் இல்லத்திலும் காட்சி தந்த கடவுளின் கதையைக் கேட்டு, "இது அறிவுக்கு ஒக்குமா?" என்று மேடைதோறும் முழங்கிய தோழர்களே! கட்டணம் கட்டிய ஆசிரியர்க்கெல்லாம் அந்த அற்புதம் நம் கண்ணெதிரே நடக்கிறதே, கேட்டோமா?

கேட்கவில்லை. காரணம், நம்மிலே பலர் அந்த அற்புதத்தின் அடியார்கள்.

கதை அளக்கவில்லை நாம். வரலாற்றிலே பி.ஏ., அதன்மேல் பி.எட்., தனியார் பள்ளியொன்றிலே நான்காண்டுப் பணி. மேலும் கற்க வேண்டுமென்ற அவா உந்த, ஒரு கோடை விடுமுறையிலே, உடன் பணியாற்றும் நண்பரும் நாமும் ஒரு கல்லூரியின் படியேறினோம். அதன் பெயர் வேண்டா. பெயரைச் சொன்னால், அது ஒன்றுதான் அப்படி என்று மற்றவை தப்பிக்கும். மேசைக்குப் பின்னாலிருந்தவர் நம்மைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த சிவப்பு மைப் பேனாவையும் பார்த்தார்.

"வேலையில இருக்கீங்களா சார்?"

"ஆம்."

"அப்போ வர முடியாதுல்ல? கவலைப்படாதீங்க. வர்றவங்களுக்கு ஒரு ஃபீஸ், வராதவங்களுக்கு ஒரு ஃபீஸ்."

வராதவர்க்கே அதிகம்! உணவு விடுதியிலே உண்ணாமல் போகிறவனிடம் இருமடங்கு காசு கேட்டால் சண்டைக்குப் போவோம். கல்விக்கூடத்திலே கேட்டால், "எத்தனை தவணை?" என்கிறோம்.

ஆய்வேட்டுக்கு என்ன வழி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் நண்பர். அதற்கும் ஏற்பாடு உண்டாம். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை; தலைப்பு, வினாப்பட்டியல், முடிவுரை எல்லாம் அங்கேயே கிடைக்குமாம். "கிராமப்புற மாணவரின் கற்றல் ஆர்வம்" என்பது நன்றாக ஓடும் சரக்காம். கிராமத்தைப் பாராமல், மாணவரைக் கேளாமல், கற்றலைத் தொடாமல், ஆர்வம் மட்டும் அச்சேறுகிறது!

பிறகு படிவம் ஒன்றை நீட்டினார். கடைசிப் பக்கத்திலே, படிப்புக் காலத்தில் வேறெங்கும் பணியில் இல்லை என்று உறுதிமொழி; கீழே ஒப்பமிட இடம். ஆசிரியப் பணியிலே மேம்பட விரும்பும் ஆசிரியர், தாம் ஆசிரியரே அல்லர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்!

நண்பர் ஒப்பமிட்டார். நாம் இடவில்லை. இதனால் நாம் உயர்ந்தோர், அவர் தாழ்ந்தோர் என்று எண்ணற்க. அவருடைய ஊதியத்தை எதிர்பார்த்து வீட்டிலே ஐந்து பேர் இருக்கின்றனர். ஈராண்டு ஊதியமின்றிக் கல்லூரிக்குப் போக அவரால் இயலாது. அவரைக் குற்றக் கூண்டிலே ஏற்றுமுன், அந்தப் படிவத்தின் முன் அவரைக் கொண்டு நிறுத்தியது எது என்று ஆராய வேண்டாமா?

கணக்குப் போடுவோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள், ஓராண்டுப் படிப்பாக இருந்த எம்.எட்.டை ஈராண்டாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். கல்லூரி வாரத்துக்கு 36 மணி நேரத்துக்குக் குறையாமல் இயங்க வேண்டும். வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை. களப்பணிக்கு 90 விழுக்காடு. நன்று! இனி 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டுவோம். ஆசிரியர், பாடம் ஆயத்தம் செய்யும் நேரத்தையும் சேர்த்து, வாரத்துக்கு 45 மணி நேரம் உழைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். அதுவும் நன்றே. ஆனால் 36-ஐயும் 45-ஐயும் கூட்டினால் 81. ஞாயிறு நீக்கி ஆறு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 13½ மணி நேரம். உடல் வலிமையால் அதையும் தாங்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், பள்ளி நடப்பதும் பகலிலே, கல்லூரி நடப்பதும் பகலிலே! ஒரு பகலை இரண்டாகப் பிளக்கும் சித்தர் யார்?

படிப்பு நீண்டதை நாம் பழிக்கவில்லை. உளவியலும், சமூகவியலும், ஆய்வு முறையும், களப்பணியும், ஆய்வேடும் ஓராண்டிலே விழுங்கத்தக்க கவளங்கள் அல்ல. பகற்கதவு ஒன்றைத் தவிர வேறு கதவு வைக்காததே தவறு. அதே 2014 விதிகள், பணியிலிருக்கும் ஆசிரியர் தொலைநிலை வழியில் பி.எட். கற்க இடமளித்தன, பகுதிநேர பி.எட்.டுக்கும் வரையறை தந்தன. எம்.எட்.டுக்கு அந்த இரண்டும் இல்லை. 2025இல் வெளிவந்த வரைவு விதிகளிலேதான், பணிபுரிவோர்க்கெனப் பகுதிநேர எம்.எட். என்னும் எண்ணம் தலைகாட்டியது. பத்தாண்டுக் காலம் பொய்ப் பதிவேடு எழுத விட்டுவிட்டுப் பிறகு பிறந்த ஞானம்!

விதிக்கும் வாழ்வுக்கும் இடையே விழுந்த அந்தப் பள்ளத்திலேதான் வணிகர் கடை விரித்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் தந்த அறிக்கை, நாட்டில் ஆசிரியராவதற்குப் பயிற்றும் நிறுவனங்களில் 100-க்குச் சுமார் 90 தனியார் கையிலிருப்பதை எடுத்துரைத்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் பிணக்குண்டு. ஆயினும் அந்த ஏடே, அவ்வாணையத்தைச் சான்று காட்டி, தனித்தியங்கும் 10,000-க்கு மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களிலே பெரும்பாலானவை விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று ஒப்புக்கொண்டுள்ளது. விற்பவரை ஏசியாயிற்று. ஆசிரியரை அந்தக் கடை வாசலுக்குத் துரத்திய கால அட்டவணையைப் பற்றி மூச்சில்லை.

"போகட்டுமே, ஒரு பட்டம்தானே, யாருக்கு என்ன நட்டம்?" என்பார் உளர். நட்டம் யாருக்கு என்பதைச் சொல்கிறோம்.

நம் ஏழாம் வகுப்பிலே ஒரு சிறுவன். சோழர் கடற்படையைப் பற்றிச் சொன்னால் மறுநாள் ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொல்வான். இராசேந்திரன் ஏன் கடல் கடந்தான் என்று நம்மையே மடக்குவான். புத்தகத்தைத் திறந்து ஒரு வரி படி என்றால் வாய் கட்டிப்போகும். எழுத்துகள் அவனுக்கு இடம் மாறிக் குதிக்கும். சோம்பேறி என்றோம். பத்து முறை எழுது என்று தண்டித்தோம். அவன் தந்தையை அழைத்துச் சொன்னபோது, மூட்டை தூக்கிக் காய்த்த கையால் நெற்றியைத் தொட்டுக்காட்டி, "அவன் தலையெழுத்து சார்" என்றார். தலையெழுத்தென்று ஒன்றில்லை என்று ஊர்தோறும் பேசியவர்கள் நாம். அன்று அந்த மனிதருக்கு மாற்றாகச் சொல்ல நம்மிடம் என்ன இருந்தது? படிக்க இயலாமை ஏன் நேர்கிறது, எப்படிக் கண்டறிவது, எங்கிருந்து தொடங்குவது, ஒன்றும் தெரியாது! அந்த வெட்கந்தான் நம்மைக் கல்லூரிப் படியேற வைத்தது. ஜெராக்ஸ் கடை அதற்கு விடை தருமா?

இன்னும் கேளுங்கள். பி.எட். கல்லூரியிலே கற்பிக்க எம்.எட். வேண்டும். வாராமலே எம்.எட். பெற்றவர் நாளை பி.எட். மாணவர்க்கு ஆசான். அவரிடம் பயின்றோர் ஆயிரம் வகுப்பறைகளுக்குப் பரவுவர். பொய்க்கோடு ஒன்று இழுத்தால் அது ஒரு ஏட்டோடு நிற்பதில்லை. கடைசியாக அது போய் முடியுமிடம், தன் குடும்பத்திலே முதன்முதல் பலகை தொட்ட குழந்தையின் நெற்றி!

நம் கூட்டத்திலேயே சில இளைஞர் வேறொரு வாதம் பேசுகின்றனர். "பட்டமென்பது இன்னொரு பூணூல், பெரியார் கல்லூரியை மிதித்தாரா? காமராசர் உயர்நிலைப் பள்ளியை முடித்தாரா?" என்கின்றனர். கைதட்டலுக்கு ஏற்ற வாதம். ஆனால் அந்த இருவரும் தாம் பெறாத படிப்பைப் பிறர்க்கு வேண்டாமென்றா சொன்னார்கள்? பள்ளி பள்ளியாகத் திறக்கச் சொன்னார்கள், திறந்தார்கள். பட்டத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொள்வது மூடத்தனம் என்றால், படிப்பையே வேண்டாமென்பதும் அதன் உடன்பிறப்பே.

ஊதிய உயர்வுக்காக அலைகிறார்கள் ஆசிரியர்கள் என்ற ஏச்சும் உண்டு. கூடுதல் தகுதி பெற்ற அரசு ஆசிரியர்க்கு முன் ஊதிய உயர்வு கிடைத்து வந்தது மெய். 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அதை நிறுத்தியதும் மெய். பிறகு ஒருமுறைத் தொகை என்று ஏதோ வந்தது. நம்மைப்போன்ற தனியார் பள்ளி ஆசிரியர்க்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உழைத்துப் படித்தவன் நாலு காசு கூடக் கேட்டால் அதுவும் குற்றமன்று என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

ஆசிரியையரின் நிலையோ இன்னும் கொடிது. மணி அடித்ததும் நாம் தேநீர்க் கடைக்குப் போகிறோம். அவர் இரண்டாம் பணிக்கு, அடுப்படிக்குப் போகிறார். பெண்ணுரிமை பேசும் தோழர் வீட்டிலும் பெரும்பாலும் இதுவே நடைமுறை. 81 மணி நேரக் கணக்கிலே அந்த நேரத்தை நாம் சேர்க்கவே இல்லை. சேர்த்துப் பாருங்கள், நூறைத் தாண்டும். வாராமலே பட்டம் என்னும் வலையிலே அவர் விழுந்தால், முதற்கல் எறியும் தகுதி கணவன்மார்க்கு இல்லை.

நாம் கோருவது என்ன? மாலையிலும் விடுமுறையிலும் நடக்கும் எம்.எட்.; அரசே நடத்தும் எம்.எட்.; ஈராண்டுப் பாடத்தை மூன்றாண்டிலே பரப்பி, வருகையை மெய்யாகவே எடுக்கும் எம்.எட். "1953இல் அரை நாள் பள்ளியை எதிர்த்துக் கொதித்தெழுந்தீர்களே, இன்று அரை நாள் படிப்புக் கேட்கலாமா?" என்று கேலி பேசுவோர் வரக்கூடும். வரட்டும்! அன்று ஆச்சாரியார் ஆட்சி, குழந்தையின் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதிப் பொழுதிலே அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. பெயர் பெற்றது குலக்கல்வியென்று, 1954இல் ஒழிந்தது. அங்கே படிப்பு வெட்டப்பட்டது, தொழில் பிறப்பால் திணிக்கப்பட்டது. இங்கே ஒரு மணி நேரமும் வெட்டவேண்டா என்கிறோம். நாமே விரும்பி ஏற்ற தொழிலை விடாமல் கற்க நேரத்தை மாற்றியமையுங்கள் என்கிறோம். இரண்டையும் ஒன்றென்பவர், கத்தியும் கரண்டியும் இரும்புதானே என்பவர்.

இடம் எங்கே என்பீர்களோ? மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன; மாலையிலே அவற்றின் கதவுகள் பூட்டியே கிடக்கின்றன. வெள்ளையன் ஆட்சியிலே 1856இல் சென்னையில் தொடங்கிய நார்மல் பள்ளிதான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அன்னியனே ஆசிரியர் கல்வியை அரசின் கடமையென்று ஏற்றான், நம்மவர் கைவிடலாமா? ஆய்வேடு அவரவர் வகுப்பறையைப் பற்றியே இருக்கட்டும். எழுத்துகள் குதிக்கும் அந்தச் சிறுவனைப் பற்றி நாம் எழுதுகிறோம். எந்தக் கடையிலும் அது கிடைக்காது. மூன்றாம் ஆண்டு களப்பணிக்கு மட்டும் ஊதியத்தோடு சில வாரம் விடுப்புத் தரட்டும்.

கோரிக்கைத் தாள் ஆயத்தமாக உள்ளது. பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு படி, ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி. ஞாயிறுதோறும் மாலை நம் படிப்பகத்திலே வைத்திருப்போம். உறுதிமொழிப் படிவத்தில் ஒப்பமிட்ட நண்பரே முதல் ஒப்பம் இட்டிருக்கிறார். பெயரும் பள்ளியும் எழுதி ஒப்பமிட விரும்பும் தோழர்கள் நேரிலே வரவேண்டும். ஒருவருக்காக மற்றொருவர் இடுவதை ஏற்பதற்கில்லை.