ஜாக்கி இருந்தா மெக்கானிக்கா?

மக்கா, கார் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாத்தலாமான்னு கேட்டா, மாத்தலாம். எதுக்கெடுத்தாலும் 'ஒர்க்‌ஷாப்புல விடு'ங்கற கட்சி இல்ல நான். அம்பாசடரில் பின்னாடி பட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தனி. கோட்டாறு வீட்டு முற்றத்துலயே கழட்டி மாட்டலாம்.

ஆனா இன்னைக்கு ஓடுற பெரும்பாலான கார்களில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரைச் சுத்தி அமுக்கின ஸ்பிரிங். அதை அடக்கி வைக்கிறது உச்சியில நடுவுல இருக்கிற ஒரே ஒரு நட்டு. கம்பியைச் சுத்திக் கட்டிட்டு அந்த நட்டைக் கழட்டலாம்னு உபதேசம் பண்ற வீரர்களோடதான் என் சண்டை.

ஹூக் விதியைப் பரீட்சைக்கு மட்டுமாய்யா படிச்சோம்? மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புன்னு வைங்க. 100 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தா 2,000 நியூட்டன், கிட்டத்தட்ட 200 கிலோ. உள்ளே இருக்கிறது 100 ஜூல். 10 கிலோ எடைக்கல் 1 மீட்டர் உயரத்துலேர்ந்து மூஞ்சியில விழுற கணக்கு. இதுக்குக் கட்டுக்கம்பியா?

ஸ்பிரிங் கம்ப்ரெசர் இல்லையா? காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்ட்ரட்டை முழுசா இறக்குங்க. நடு நட்டைத் தொடாதீங்க. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஸ்பிரிங்கை மாத்தி வாங்கி, ரெண்டு பக்கமும் ஜோடியா நீங்களே மாட்டுங்க. அப்புறம் வீல் அலைன்மென்ட். இதுல கவுரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல. மிச்சம் பிடிக்கிற கூலிக்குக் கண்ணைப் பணயம் வைக்கிறதுதான் முட்டாள்தனம்.