ரோல்பேக் பண்ணிட்டா சுத்தமாயிடுமா?

டிஸ்கி: பொட்டி தட்டாதவங்க பாதியில எழுந்து ஓடினா கோச்சுக்க மாட்டேன்.

வெப் ஏபிஐக்கு தானியங்கி டெஸ்ட் எழுதினவங்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். முதல் டெஸ்ட் ஒரு மாணவரைப் பதிவு பண்ணும். அடுத்தது, பட்டியல் காலியா இருக்கும்னு நம்பி ஓடும். முந்தினவன் சாப்பிட்ட எச்சில் இலையில அடுத்தவனுக்குப் பரிமாறுற கதை. அதனால ஒவ்வொரு டெஸ்டுக்கும் நடுவுல டேட்டாபேஸை நமக்குத் தெரிஞ்ச நிலைக்குக் கொண்டு வரணும். இதுவரைக்கும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிங்கறதுலதான் சண்டை.

சீனியரைக் கேளுங்க, டுடோரியலைப் பாருங்க, ஒரே பதில்தான்: ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள ஓட்டு, முடிஞ்சதும் ரோல்பேக் பண்ணு. ஜாங்கோவோட டெஸ்ட்கேஸ் இதைத்தான் செய்யுது. ரெயில்ஸும் இதையேதான் இயல்பா வச்சிருக்கு. வேகமா ஓடும், குப்பை சேராது. எல்லாம் சரி. ஆனா ஏபிஐ டெஸ்டுக்கு இது நமக்கு நாமே சொல்லிக்கற பொய்னு நான் சொல்றேன். பட்டுட்டுதான் சொல்றேன்.

எங்க இறுதியாண்டு புராஜெக்ட், ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு டோக்கன் போடுற ஏபிஐ. எஸ்கியூஎல்ஆல்கெமி, போஸ்ட்கிரெஸ். டோக்கனைச் சேமிக்கிற இடத்துல நான் ஃபிளஷ் மட்டும் எழுதிட்டு கமிட் எழுத மறந்துட்டேன். ஃபிளஷ் பண்ணினா வரி டேட்டாபேஸுக்குப் போகும், ஆனா டிரான்ஸாக்‌ஷன் திறந்தே கிடக்கும். கமிட் இல்லாம செஷன் மூடினா அந்த வரி காத்துல கரைஞ்சிடும்.

டெஸ்ட்ல இது ஏன் மாட்டலை? ரோல்பேக் வேலை செய்யணும்னா டெஸ்டும் ஆப்பும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள இருக்கணும். அதனால நாங்க திறந்த ஒரே செஷனை ஆப்புக்குள்ள செருகியிருந்தோம். டோக்கன் போட்டா 201 வரும். உடனே பட்டியல் கேட்டா டோக்கன் தெரியும், அதே டிரான்ஸாக்‌ஷன்தானே! பச்சை விளக்கு. கமிட் இருந்தாலும் பச்சை, இல்லாட்டியும் பச்சை. சேமிச்சுதா இல்லையாங்கற ஒரே கேள்வியைக் கேட்கவே தெரியாத டெஸ்டை வச்சுக்கிட்டு நாங்க மார்தட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்.

ரிவ்யூ அன்னிக்கு, ஸ்கிரீன் வேலை பார்த்த நண்பன் பட்டனை அமுக்கினான். "டோக்கன் பதிவானது". பட்டியலைத் திறந்தான். காலி. மறுபடி அமுக்கினான். மறுபடியும் காலி. எல்லாரும் ஙே! வந்திருந்த எக்ஸாமினர் கேட்டதுக்கு நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துது: "டெஸ்ட் எல்லாம் பாஸ் சார், ஸ்கிரீன்லதான் ஏதோ பிரச்சினை." அவன் ரெண்டு ராத்திரி தன்னோட ஜாவாஸ்கிரிப்டைத் தோண்டிக்கிட்டுக் கிடந்தான். மூணாம் நாள்தான் என் தப்புன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள மார்க் போட்டாச்சு.

ரோல்பேக்கோட ஓட்டை இதோட நிக்கலை. போஸ்ட்கிரெஸ்ல சீக்வென்ஸ் ரோல்பேக் ஆகாது. முதல் டோக்கனோட எண் 1னு எதிர்பார்க்கிற டெஸ்ட் தனியா ஓடினா பாஸ், கூட்டத்தோட ஓடினா ஃபெயில். இன்னொண்ணு, அங்க நவ்() கொடுக்கிறது டிரான்ஸாக்‌ஷன் ஆரம்பிச்ச நேரத்தை. நேரத்தை அதுலேர்ந்து எடுத்தா, ஒரு டெஸ்டுக்குள்ள போட்ட பத்து டோக்கனுக்கும் ஒரே நேரம்தான் விழும். அப்புறம் "புதுசு மேலே வருதா"ன்னு எதைப் பார்க்கிறது? சர்வர் தனி பிராசஸா ஓடினா இந்த வித்தையே பலிக்காது, நாம கமிட் பண்ணாத வரி அதோட கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு கோஷ்டி இருக்கு. டெஸ்டுக்கு மட்டும் மெமரியில எஸ்கியூலைட், நிஜத்துல போஸ்ட்கிரெஸ். வழக்கமா எஸ்கியூலைட்ல நாமளா ஆன் பண்ணினாத்தான் ஃபாரின் கீயைச் சரிபார்க்கும். வார்ச்சார் 10னு போட்ட இடத்துல 50 எழுத்தைத் திணிச்சாலும் வாயைத் திறக்காது. டென்னிஸ் பந்துல பிராக்டிஸ் பண்ணிட்டு மேட்சுல கிரிக்கெட் பந்தை எதிர்கொள்ற வீரம் இது. பல்லு ஜாக்கிரதை :-)

பின்ன என்ன பண்ணச் சொல்றே? நிஜத்துல எந்த டேட்டாபேஸோ அதையே வைங்க. கமிட் நிஜமாவே நடக்கட்டும். ஒவ்வொரு டெஸ்டும் தொடங்கறதுக்கு முன்னாடி டேபிள்களைக் காலி பண்ணுங்க, எண்ணையும் 1லேர்ந்து தொடங்க வைங்க. முன்னாடி, பின்னாடி இல்லை. டெஸ்ட் நடுவுல செத்து விழுந்தா பின்னாடி பெருக்க ஆள் இருக்காது. ஃபெயில் ஆன இடத்துல நிறுத்தினா, என்ன கிடக்குன்னு டேபிளைத் திறந்தும் பார்க்கலாம். அப்புறம், தனக்கு வேண்டிய மாணவரையும் டோக்கனையும் அந்தந்த டெஸ்டே உருவாக்கிக்கணும்.

"ஸ்லோவா இருக்கும்"னு கிளம்பி வருவாங்க. சின்ன டேபிள்னா ட்ரங்கேட்டை விட டெலீட் பல நேரம் வேகம். டெஸ்ட் சர்வர்ல எஃப்சிங்கை அணைச்சு வைக்கலாம் (அங்க மட்டும், நிஜ சர்வர்ல செஞ்சுட்டு என்னைத் தேடாதீங்க). பல டெஸ்டை ஒரே சமயத்துல ஓட்டணும்னா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸ் டெம்ப்ளேட்லேர்ந்து நகலெடுத்துக் கொடுக்கும். அதுக்கு மேலயும் சில நொடி கூடினா கூடட்டுமே! அந்த நேரத்துல நாம எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறோம்?

வெறும் ஒரு கொயரி சரியான விடை தருதான்னு பார்க்கிற டெஸ்டுக்கு ரோல்பேக் போதும், அதுல தகராறு இல்லை.

போன வாரம் எல்லா டெஸ்டையும் இப்படி மாத்தி எழுதினேன். கமிட் வரியை வேணும்னே எடுத்துட்டு ஓட்டினேன். சிவப்பு. நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்தான். "இதை அப்பவே பண்ணித் தொலைச்சிருக்கலாம்லடா"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான்.