சீன இசை நாடகம்: இன்றைய நிலையும் நாளைய கவலையும்

ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். சீன மரபு நாடக மேடையில் இவையே அரண்மனை, இவையே மலை, இவையே நீதிமன்றம். நடிகர் குஞ்சம் கட்டிய சாட்டையைக் கையில் ஏந்திவிட்டால், அவர் குதிரைமேல் வருகிறார் என்று காண்போர் உணர்ந்துகொள்வர். பாட்டு, பேச்சு, மெய்ப்பாடு, போர்த்திறன் என்னும் நான்கும் கைவரப் பெற்றவரே அம்மேடையில் நிற்க இயலும். இத்தகைய அருங்கலை இன்று எந்நிலையில் உள்ளது?

சீன இசை நாடகம் ஒன்றன்று, பல. 2017இல் வெளியான அரசுக் கணக்கெடுப்பின்படி 348 வகைகள் உள்ளன. அவற்றுள் உலகறிந்தது பீகிங் இசை நாடகம். பெண் வேடத்தில் பெரும்புகழ் பெற்ற மெய் லான்ஃபாங் அதனை 1930இல் அமெரிக்காவிலும், 1935இல் சோவியத் நாட்டிலும் நடித்துக் காட்டினார். ஆனால் 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி, பழைய நாடகங்களை மேடையிலிருந்து விரட்டியது. ‘முன்மாதிரிப் படைப்புகள்’ எனப்பட்ட சிலவற்றுக்கே இடம் கிடைத்தது. 1976 வரை நீடித்த அப்பத்தாண்டில் ஒரு தலைமுறை தன் மரபுக் கதைகளை மேடையில் காணாமலே வளர்ந்தது. அறுந்த இழையை மீண்டும் முடிவது எளிதா?

2001இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த அருங்கலைப் பட்டியலில் பழமையான குன்ச்சு நாடகம் இடம்பெற்றது. நம் நாட்டுக் கூடியாட்டமும் அதே பட்டியலில் உண்டு. பட்டம் கிடைத்தால் போதுமா? பார்க்க ஆள் வேண்டாவா? இதனை உணர்ந்தவர் எழுத்தாளர் பாய் சியென்யுங். 1598இல் தாங் சியன்சு இயற்றிய ‘பியோனி மண்டபம்’ என்னும் காதல் நாடகத்தை, இளம் நடிகர்களைக் கொண்டு, மூன்று நாள்களில் ஒன்பது மணி நேரம் நடக்கும் வண்ணம் 2004இல் அரங்கேற்றினார். பின்னர்ப் பல்கலைக்கழகங்களுக்கே அதனைக் கொண்டு சென்றார்.

2023இல் ஹாங்சோ நகரில் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. பெண்களே ஆண் வேடமும் ஏற்கும் யுவே நாடகக் குழு ஒன்று, சிறிய அரங்கில், பார்வையாளர் நடுவிலேயே நடமாடி, ‘புதிய டிராகன் வாயில் விடுதி’யை நடித்தது. ஆகஸ்டு மாத நேரலை 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட பார்வைகளைப் பெற்றது. ஆண் வேடமேற்ற சென் லீஜுன் நாடறிந்த நடிகையானார்.

மரபு கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கு அவ்வச்சமில்லை. யுவே நாடகமே 1906இல்தான் முதல் மேடை கண்டது. பெண்களே எல்லா வேடமும் ஏற்பது அதற்கும் பின்வந்த புதுமை. நேற்றைய புதுமையே இன்றைய மரபு.

என் கவலை வேறு. ‘மேடையில் ஒரு நிமிடம், அதற்குப் பின்னே பத்தாண்டு உழைப்பு’ என்பது சீன நடிகர்களிடையே வழங்கும் பழமொழி. இன்று அந்த ஒரு நிமிடத்தை மட்டும் கைப்பேசியில் கண்டு, முகத்தழகைப் புகழ்ந்து, அடுத்ததற்குத் தாவுகிறது உலகம். பத்தாண்டு உழைப்புக்குச் சோறிடுபவர் யார்? புகழ் ஒரு குழுவின்மேல் பொழியும்போது, ஊர்ப்புறத்துச் சிறு நாடக வகைகளைக் கற்க மாணவர் வருவரா?

நடிகருக்குப் பயிற்சி வேண்டுவது போலவே காண்போருக்கும் பயிற்சி வேண்டும் என்பது என் துணிபு. நேரலை அரங்கின் வாயில் வரை அழைத்து வரும். உள்ளே அமர்ந்து முழு நாடகத்தையும் காணும் பொறுமையைக் கல்விக்கூடமே தரவேண்டும். பாய் சியென்யுங் பல்கலைக்கழகங்களைத் தேடிச் சென்றதன் பொருள் இதுவே. சிறு வகைகளின் ஆசான்களுக்கு அவர்கள் வாழும் நாளிலேயே மாணவரையும் ஊதியத்தையும் தேடித்தருவது அரசின் கடன்.

மாணவ நண்பர்களே! காலியான மேடையில் குதிரையைக் காண்பது நடிகரின் திறன் மட்டுமன்று. நம் கண்ணின் திறனும் ஆகும். அக்கண் மூடினால் சாட்டை வெறுங்கோலாகிவிடும்.